குயவன் நிலம்

அடைமழை ஓய்ந்திருந்த ஒரு காலைப்பொழுதில், காணையைச் சேர்ந்த நண்பர் ஒருவர் என்னை விழுப்புரத்துக்கு அழைத்துச் சென்றார். மதுவிலக்குக் குற்ற வழக்குகளில் பறிமுதல் செய்யப்பட்ட வாகனங்கள் பொது ஏலத்தில் விடப்படும் என்று மாவட்டக் காவல் துறை அறிவித்திருந்தது. நண்பர் இரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு பால் சங்கத்துக்குப் பால் ஊற்றிப் பிழைப்பவர். பழைய மிதிவண்டியில் பால் கேனைக் கட்டிக்கொண்டு போய்ப் போய் முழங்கால் தேய்ந்துவிட்டது என்பார். குறைந்த விலையில் ஒரு இருசக்கர வாகனம் கிடைத்தால் நல்லது என்பது அவர் எண்ணம். படித்தவன் ஒருவன் உடனிருந்தால் காகிதங்களைப் பார்த்துச் சொல்வான் என்பதற்காக, ஓய்வு பெற்ற ஆசிரியனாகிய என்னைத் துணைக்கு அழைத்தார்.

ஏலம் ஒழுங்காகவே நடந்தது. முன்வைப்புத் தொகை கட்டியவர்களுக்கு டோக்கன் கொடுத்தார்கள். வாகனங்கள் வரிசை எண் எழுதப்பட்டு நின்றன. சிலவற்றின் இருக்கைகள் வெயிலில் வெடித்திருந்தன; சிலவற்றின் சக்கரங்களைச் சுற்றிப் புல் முளைத்திருந்த தடம் தெரிந்தது. விலை ஏறி ஏறி ஓரிடத்தில் நின்றது. நண்பர் ஒரு வண்டியை எடுத்தார். வரியோடு சேர்த்துப் பணம் கட்டி, இரசீதையும் பெற்றுக்கொண்டார். தொகை அரசுக் கணக்கில் சேரும் என்றார்கள். எல்லாம் முறைப்படிதான்.

வெளியே வந்த பிறகுதான் அதைக் கவனித்தோம். வண்டியின் முகப்பு விளக்குக்கு மேலே ஒரு பெண்குழந்தையின் பெயர் சிவப்பு எழுத்தில் ஒட்டப்பட்டிருந்தது. பெயருக்கு இருபுறமும் இரண்டு பூக்கள். நண்பர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "சார், இது பாவப்பட்ட வண்டியா, சார்?"

பாவப்பட்ட என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் இரண்டு பொருள் உண்டு. பாவம் ஒட்டிக்கொண்டது என்பது ஒன்று. இரங்கத்தக்கது என்பது மற்றொன்று. அவர் எந்தப் பொருளில் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை அவருக்கே தெரிந்திராது. அன்று என்னால் பதில் சொல்ல இயலவில்லை. "முறைப்படி வாங்கியதுதானே, தம்பி" என்று சொல்லிச் சமாளித்தேன். அப்படிச் சமாளித்தது பல நாள்கள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தலே இக்கட்டுரையாகிறது.

முப்பது வெள்ளிக்காசுகள்

குற்றத்திலிருந்து வந்த பணத்தை என்ன செய்வது? இது புதிய கேள்வி அன்று. மத்தேயு நற்செய்தியின் இருபத்தேழாம் அதிகாரத்தில் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுகிறது. யூதாசு மனம் வருந்தி முப்பது வெள்ளிக்காசுகளையும் கோவிலில் எறிந்துவிட்டுப் போகிறான். தலைமைக் குருக்கள் அக்காசுகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிறார்கள். அது இரத்தத்துக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது. ஆகவே கோவில் காணிக்கையோடு சேர்ப்பது முறையன்று என்று முடிவு செய்கிறார்கள். கலந்து பேசி, ஊர் பேர் தெரியாத அயலாரை அடக்கம் செய்வதற்காகக் குயவன் நிலத்தை வாங்குகிறார்கள்.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் நாம் யூதாசைப் பற்றியே எண்ணுகிறோம். சற்றே நின்று அந்தக் குருக்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காசு அவர்கள் கையிலிருந்து போனபோது அவர்களுக்கு உறுத்தல் இல்லை. அதே காசு திரும்பி வந்தபோதுதான் சட்டம் நினைவுக்கு வந்தது. போகும்போது தூய்மையாக இருந்த காசு, வரும்போது தீட்டாகிவிட்டது. அவர்களுடைய இந்த இரட்டை மனம் நம் கண்டனத்துக்கு உரியதே. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்தப் பணத்தை அவர்கள் தங்கள் மடியில் கட்டிக்கொள்ளவில்லை. கேட்பாரற்றுச் சாகும் ஏழைக்கு ஆறடி மண்ணாக மாற்றினார்கள். இரத்தப் பணம் எவர் கைக்கும் இலாபமாகக் கூடாது என்னும் அளவுக்காவது அவர்களுடைய மனச்சான்று விழித்திருந்தது.

நம் காலத்து மனச்சான்று அந்த அளவுக்கேனும் விழித்திருக்கிறதா என்பதே கேள்வி.

நம் நாட்டுச் சட்டம் சொல்வது

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். போதைப் பொருள்களுக்கான நடுவண் சட்டம் 1985 இல் இயற்றப்பட்டது. கஞ்சா, அபின், ஹெராயின் போன்றவற்றை விற்றுக் கிடைத்த பணத்தைப் பறிமுதல் செய்ய அது வழி செய்கிறது. 1989 இல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அந்த வணிகத்தால் சேர்த்த வீடு, நிலம், வங்கி இருப்பு ஆகியவற்றை முடக்கவும் அரசுடைமையாக்கவும் ஒரு தனி இயலே சேர்க்கப்பட்டது. அதே திருத்தம் போதைப் பழக்கக் கட்டுப்பாட்டுக்கென ஒரு தேசிய நிதியத்துக்கும் இடம் வகுத்தது. அவ்வியலின்படி பறிமுதலான சொத்துகளை விற்றுவரும் தொகை அந்நிதியத்தில் சேர வேண்டும். கடத்தலைத் தடுப்பதற்கும், போதைக்கு அடிமையானவர்களைக் கண்டறிந்து மருத்துவம் செய்து மறுவாழ்வு அளிப்பதற்கும், மக்களுக்கு அறிவூட்டுவதற்கும் அது செலவிடப்பட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

எழுத்தளவில் இது நல்ல ஏற்பாடு. பணத்தைப் பறித்த காவல் நிலையத்துக்கு அப்பணம் நேராகச் சேர்வதில்லை. மதுவிலக்கு வழக்குகளில் ஏலம் விடப்படும் வாகனங்களின் தொகையும் அரசின் பொதுக் கணக்குக்கே போகிறது. பிடித்தவர்களுக்கும் துப்புக் கொடுத்தவர்களுக்கும் வெகுமதி அளிக்கும் வழக்கம் நம்மிடமும் உண்டு. ஆனால் பிடித்த துறையே பிடித்த பணத்தைத் தனக்கென வைத்துக்கொள்ளும் முறை இங்கு இல்லை. இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை அறிய, வேறொரு நாட்டைப் பார்க்க வேண்டும்.

கிழக்கே போவதும் மேற்கே வருவதும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1984 இல் ஒரு சட்டம் வந்தது. பறிமுதல் செய்யப்பட்ட சொத்துகளுக்கென ஒரு நிதியம் அமைந்தது. நடுவண் அரசோடு சேர்ந்து பிடித்த உள்ளூர்க் காவல் துறைகளுக்கு அதில் பெரும் பங்கு, சில வேளைகளில் நூற்றுக்கு எண்பது வரை, திரும்பக் கிடைத்தது. அங்கே மனிதன்மேல் வழக்குத் தொடராமலேயே பொருளின்மேல் வழக்குத் தொடரலாம். நீதிமன்றப் பதிவேட்டில் ஒரு பக்கம் அரசின் பெயர் இருக்கும். மறுபக்கம் ஒரு மகிழுந்தின் பெயரோ, இவ்வளவு டாலர் என்ற தொகையோ பிரதிவாதியாக நிற்கும். உரியவர் குற்றவாளி என்று தீர்ப்பாகாமலே பொருள் போய்விடக்கூடும்.

நோக்கம் என்னவோ நல்லதுதான். போதை வணிகனின் பணத்தாலேயே போதை வணிகத்தை ஒடுக்குவோம் என்றார்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது என்ன?

டென்னசி மாநிலத்தில் 40 ஆம் எண் நெடுஞ்சாலை கிழக்கும் மேற்குமாக ஓடுகிறது. போதைப் பொருள் கிழக்கு நோக்கிப் போகும். விற்ற பணம் மேற்கு நோக்கித் திரும்பும். 2011 இல் உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்று விசாரித்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. காவலர்கள் பெரும்பாலும் மேற்கே திரும்பும் வண்டிகளையே நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நஞ்சு ஊருக்குள் போகும் பாதையில் அத்தனை கண்காணிப்பு இல்லை. பணம் வெளியேறும் பாதையில்தான் கண் இருந்தது. நஞ்சைப் பிடித்தால் எரிக்க வேண்டும். பணத்தைப் பிடித்தால் துறைக்குப் பயன்படும். அந்தக் காவலர்கள் கொடியவர்களாக இருந்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊதியம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் பார்ப்பது மனித இயல்பு. அவர்களை அந்தப் பக்கம் பார்க்க வைத்தது சட்டமே.

அந்தப் பணம் எங்கே போயிற்று என்பதும் வேதனையான கதை. ஆயுதங்களும் வாகனங்களும் வாங்கினார்கள். அதையாவது கடமைக்கென்று சொல்லலாம். டெக்சாசில் ஒரு மாவட்ட அரசு வழக்குரைஞர் அலுவலகம் பறிமுதல் நிதியிலிருந்து மதுபானத்துக்கும் மதுக்கலவை இயந்திரத்துக்கும் செலவிட்டது வெளியாகிப் பெரும் நகைப்புக்கு இடமாயிற்று. போதையிலிருந்து பறித்த பணம் போதைக்கே திரும்பியது.

இந்தியானா மாநிலத்தில் ஒரு இளைஞர் சிறிதளவு ஹெராயின் விற்றுப் பிடிபட்டார். அவருடைய வண்டியை அரசு பறிமுதல் செய்தது. தந்தை இறந்தபோது கிடைத்த காப்பீட்டுப் பணத்தில், நாற்பத்திரண்டாயிரம் டாலருக்கு அவர் வாங்கிய வண்டி அது. அந்தக் குற்றத்துக்கு விதிக்கக்கூடிய உச்ச அபராதமோ பத்தாயிரம் டாலர்தான். 2019 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அளவுக்கு மீறிய அபராதத்துக்கு எதிரான பாதுகாப்பு மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நியூ மெக்சிகோ மாநிலம் 2015 இலேயே, குற்றத் தீர்ப்பு இல்லாமல் சொத்தைப் பறிக்கும் முறையை ஒழித்து, பறிமுதல் தொகை பொது நிதிக்கே சேர வேண்டும் என்று சட்டம் செய்துவிட்டது. தவற்றை உணர்ந்து திருத்திக்கொள்பவர்களும் அங்கே இருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆக்கானின் கூடாரம்

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழுகிறது. நம் ஊர்க் காவலர்களைப் பார்ப்பவர்கள் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இரவெல்லாம் சோதனைச் சாவடியில் நிற்கிறார்கள். திருவிழா, தேர்தல், துக்கம் எல்லாவற்றுக்கும் அவர்கள்தாம் போக வேண்டும். கடத்தல்காரனிடம் விரைந்தோடும் மகிழுந்து இருக்கிறது; துரத்துபவரிடம் இருப்பதோ பழைய ஜீப்பு. குற்றவாளியின் பணத்தில் அவர்களுக்கு ஒரு நல்ல வண்டி வாங்கித் தந்தால் என்ன குற்றம்? மக்களின் வரிப்பணம் மிச்சமாகுமே?

காவலருக்கு வண்டி வேண்டும் என்பதில் ஐயமில்லை. எரிபொருளும் ஓய்வும் நல்ல குடியிருப்பும் வேண்டும். அவற்றைத் தர வேண்டியது அரசின் கடமை. அதாவது நம் கடமை. அவற்றை வேட்டையாடித் தேடிக்கொள் என்று அவர்களை ஏவிவிடுவதுதான் குற்றம். காவலனின் தேவை பறிமுதலைச் சார்ந்து நிற்கும் நாளில் அவன் காவலனாக இருக்க இயலாது. வேடனாகிவிடுவான். வழியில் நிற்கும் வேடனுக்கு எல்லாப் பறவையும் இரைதான்.

மறைநூல் இதை நன்கு அறிந்திருந்தது. எரிகோ வீழ்ந்தபோது அந்நகரின் பொருள்களில் எவரும் தமக்கென எதையும் எடுக்கலாகாது என்பது கட்டளை. ஆக்கான் என்பவன் ஒரு அழகிய மேலாடையையும் கொஞ்சம் வெள்ளியையும் ஒரு பொன்கட்டியையும் எடுத்துத் தன் கூடாரத்தின் அடியில் புதைத்துவைத்தான். அதன் விளைவாக அடுத்த போரில் மக்கள் அனைவரும் தோற்றார்கள் என்கிறது யோசுவா நூல். அவனுக்குக் கிடைத்த தண்டனையின் கொடுமை இன்று நம்மை நடுங்க வைக்கிறது. அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் அக்கதை சொல்லும் உண்மையை விட்டுவிடக் கூடாது. நீதியின் பெயரால் கைப்பற்றுகிறவன் அதில் தனக்கொரு பங்கு எடுத்தால், அந்த நீதியே தோற்றுப்போகிறது.

திருமுழுக்கு யோவானிடம் படைவீரர்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். அவர் அவர்களை வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. அச்சுறுத்தியோ பொய்க்குற்றம் சாட்டியோ எவரிடமும் பணம் பறிக்க வேண்டாம் என்றார். கிடைக்கும் ஊதியத்தோடு நிறைவு பெறச் சொன்னார். ஆயுதம் தாங்கியவனுக்கு இதைவிடச் சுருக்கமான நீதிநூல் எழுத முடியாது. நம் வள்ளுவரும் கொடுங்கோன்மை அதிகாரத்தில், அதிகாரத்தைக் காட்டிப் பொருள் கேட்கும் அரசனை வழிப்பறிக்காரனோடு வைத்தே எண்ணினார் என்பதை நினைவுகூரலாம்.

திரிகைக்கல்லை எடுக்காதே

அடுத்து, பொருளை இழப்பவரைப் பற்றிய கேள்வி. நம் சட்டத்தின்படி, முடக்கப்பட்ட சொத்து நேர்மையாகச் சேர்த்ததே என்று காட்டும் பொறுப்பு அதை வைத்திருப்பவர்மேல் விழுகிறது. கடத்தலுக்குப் பயன்பட்ட வாகனத்தின் உரிமையாளர், அது தமக்குத் தெரியாமல் நடந்தது என்று மெய்ப்பிக்க வேண்டும். பெரும் வணிகர்கள் மனைவி பெயரிலும் மைத்துனன் பெயரிலும் சொத்தை மறைப்பதால் இத்தகைய விதிகள் வந்தன. தமிழகக் காவல் துறை 2022 இல் நடத்திய கஞ்சா வேட்டை நடவடிக்கையில், விற்றவர்களின் கணக்குகளோடு உறவினர் கணக்குகளும் முடக்கப்பட்டதற்குக் காரணம் இதுவே. அந்தக் காரணம் பொய்யன்று.

ஆனால் காணை பக்கத்துக் குடிசையில் இருக்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். மகன் என்ன செய்தான் என்று அவளுக்குத் தெரியாது. நூறு நாள் வேலைக் கூலி அவள் கணக்கில்தான் வருகிறது. அது நேர்மையான பணம் என்று மெய்ப்பிக்க அவள் எங்கே போவாள்? வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணம் அந்தக் கணக்கில்தானே இருக்கிறது? மகளிர் குழுவில் கடன் வாங்கி வாங்கிய வண்டியைத் தம்பி இரவல் கேட்டு, புதுச்சேரி சாராயப் புட்டிகளோடு பிடிபட்டால், வண்டி போன பின்னும் தவணை போகாது. தவறு செய்தவன் சில நாளில் பிணையில் வந்துவிடுவான். தவறு செய்யாதவள் பல மாதம் கடன் கட்டிக்கொண்டிருப்பாள்.

அடகு வாங்குபவன் ஏழையின் திரிகைக்கல்லை எடுக்கக் கூடாது என்று இணைச்சட்ட நூல் விதித்தது. திரிகை போனால் அன்றைய மாவு போகும். மாவு போனால் உயிர் போகும். நம் காலத்தில் பால்காரரின் வண்டியும், கொத்தனாரின் வண்டியும், கடன் வாங்கி ஓட்டும் சரக்கு லாரியும் திரிகைக்கற்கள்தாம். அசாமில் ஒரு லாரியில் ஏறி வந்த வேறொருவரிடம் ஹெராயின் இருந்ததால் லாரி முடக்கப்பட்டது. அதுவே உரிமையாளரின் பிழைப்பு. 2025 சனவரியில் நம் உச்ச நீதிமன்றம், வழக்கு முடியும்வரை அத்தகைய வண்டியைத் தகுந்த நிபந்தனைகளோடு உரியவரிடம் விட்டுவைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. காவல் நிலைய வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்து மக்குவதால் எவருக்கும் பயனில்லை என்பது 2002 லிருந்தே அந்நீதிமன்றம் சொல்லிவரும் கருத்து. சட்டம் மெல்ல மெல்லத் திரிகைக்கல்லை அடையாளம் காணத் தொடங்கியிருக்கிறது. அது கிராமத்துக் காவல் நிலையம்வரை நடந்து வர வேண்டும்.

பணம் யாருடையது?

இப்போது நடுக்கேள்விக்கு வருகிறோம். உண்மையான குற்றவாளியிடமிருந்து, முறையான தீர்ப்பின்படி எடுத்த பணம் யாருடையது?

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா தமது இறையியல் தொகுப்பில், தீய வழியில் வந்த பொருளைத் தருமம் செய்யலாமா என்று ஆராய்ந்தார். அத்தகைய பொருளை மூன்றாகப் பிரித்தார். திருடியதும் கொள்ளையடித்ததும் முதல் வகை; அதை உரியவருக்கே திருப்பித் தர வேண்டும்; அதில் தருமம் செய்ய எவருக்கும் உரிமை இல்லை. கொடுத்தவனும் வாங்கியவனும் இருவருமே நீதிக்கு மாறாக நடந்து கைமாறிய பொருள் இரண்டாம் வகை. வாங்கியவன் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. கொடுத்தவனுக்குத் திருப்பவும் வேண்டியதில்லை. அது ஏழைகளுக்குப் போக வேண்டும். ஈட்டிய வழி இழிவானதாயினும் பெற்றுக்கொண்டது அநீதியாகாதது மூன்றாம் வகை.

கஞ்சாப் பணம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. விற்றவனுக்கு அதில் உரிமை இல்லை. வாங்கிப் புகைத்தவனும் திருப்பிக் கேட்க முடியாது. ஆகவே அது ஏழைகளுடையது. எந்த ஏழைகள்? இங்குதான் நாம் ஒரு படி மேலே போக வேண்டும். புகைத்தவன் கொடுத்த பணம் அவனிடம் எங்கிருந்து வந்தது? அம்மாவின் தோடு, மனைவியின் கூலி, தங்கையின் கல்லூரிக் கட்டணம். அந்தப் பணத்தின் உண்மையான உரிமையாளர்கள் அந்த வீடுகளில் இருக்கிறார்கள். அது அரசின் வருவாய் அன்று; காவல் துறையின் வெற்றிப் பொருளும் அன்று. அது ஒரு கடன். அரசு அதை வாங்கி வைத்திருப்பது அறங்காவலராக மட்டுமே.

இத்தாலியில் இதை உணர்ந்து செயல்பட்ட ஒரு அருள்பணியாளர் உண்டு. தந்தை லூயிஜி சோத்தி 1965 முதல் தூரின் நகரில் போதைக்கு அடிமையானவர்களிடையே பணியாற்றியவர். பலெர்மோ நகரின் சேரியில் இளைஞர்களைக் குற்றக் கும்பல்களிடமிருந்து மீட்க உழைத்த தந்தை பீனோ புலீசி 1993 இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2013 இல் அவர் அருளாளர் ஆனார். 1995 இல் தந்தை சோத்தி தொடங்கிய இயக்கம் பத்து இலட்சம் கையொப்பங்களைத் திரட்டியது. அதன் பயனாக 1996 இல் 109 ஆம் எண் சட்டம் நிறைவேறியது. மாஃபியாக்களிடமிருந்து பறித்த நிலமும் வீடும் சமூகப் பயனுக்கே திரும்ப வேண்டும் என்பது அதன் சாரம். கொலைகாரர்களின் திராட்சைத் தோட்டங்களில் இன்று வேலையற்ற இளைஞர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் பயிர் செய்கின்றன. அவர்களுடைய மாளிகைகள் சில, போதையிலிருந்து மீள்பவர்களின் இல்லங்களாயின. ஊரார் கண்முன்னே நடந்த குற்றத்துக்கு ஊரார் கண்முன்னே ஈடு செய்யப்படுகிறது. குயவன் நிலம் இறந்தவர்களுக்கு இடமளித்தது. இந்த நிலங்கள் உயிரோடு இருப்பவர்களுக்கு இடமளிக்கின்றன.

நம் வீட்டுக் கணக்கு

அயலாரைப் பேசியது போதும். நம் மாவட்டத்தைப் பார்ப்போம். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து மீனவக் குடும்பங்கள் சிதைந்தன. அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு விழுந்தது. ஓராண்டு கழித்து, 2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இறந்தோர் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. அது தேவையான உதவி. ஆனால் ஊர்களில் ஒரு கசப்பான பேச்சும் கேட்டது: செத்தால்தான் கணக்கில் வருவோம், உயிரோடு இருக்கும்போது மீட்க யார் வந்தார்கள்? இருபது கல் தொலைவில் ஒரு நல்ல மறுவாழ்வு இல்லம் இருந்திருந்தால், அதில் ஏழைக்கு இடம் கிடைத்திருந்தால், அவர்களில் எத்தனை பேர் இன்று வலை பின்னிக்கொண்டிருப்பார்கள்! ஏலத்தில் விழும் ஒவ்வொரு ரூபாயும் அத்தகைய இல்லத்தின் செங்கல்லாகலாம் அல்லவா?

இன்னொன்றும் உண்டு. 1937 இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய மாநிலம் இது. அந்த ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுதான் இன்றும் வாகனங்கள் பறிமுதலாகின்றன. அதே அரசின் நிறுவனம் 2003 முதல் மதுவைச் சில்லறையாக விற்கிறது. 2023-24 ஆம் ஆண்டில் அதனால் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். புதுச்சேரியிலிருந்து வரும் புட்டி குற்றம். நம் கடைப் புட்டி வருவாய். வரிச் சட்டத்தில் இதற்குக் காரணம் உண்டு. கலப்படச் சாராயத்தைத் தடுக்க வேண்டும் என்ற வாதத்திலும் உண்மை உண்டு. ஆனால் புட்டி காலியான பின் வீட்டில் விழும் அடி இரண்டுக்கும் ஒன்றே. தலைமைக் குருக்கள் முப்பது காசுக்குத் தயங்கினார்கள். நாம் பல்லாயிரம் கோடிக்கும் தயங்குவதில்லை.

அரசை மட்டும் சொல்லித் தப்பிவிட முடியாது. நம் திருவிழா மலர்களைப் புரட்டிப் பாருங்கள். தேர் அலங்காரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அன்பளிப்பு வழங்கியவர்களின் பட்டியலில், எந்தத் தொழிலால் வந்த பணம் என்று நாம் கேட்டதுண்டா? கேட்டால் அடுத்த ஆண்டு தேர் நிற்கும் என்று அஞ்சுகிறோம். காணிக்கைப் பெட்டியில் சேர்க்கலாமா என்று தயங்கிய அந்தக் குருக்களைவிட நாம் எவ்வகையில் மேலானவர்கள்? சக்கேயு விருந்து வைத்ததோடு நிற்கவில்லை. ஏமாற்றியவர்களுக்கு நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன பிறகே அவர் வீட்டுக்கு மீட்பு வந்தது. பணம் அவரிடமிருந்து கோவிலுக்குப் போகவில்லை, பாதிக்கப்பட்டவர்களுக்குப் போயிற்று.

ஆகவே என் சிற்றறிவுக்கு எட்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பறிப்பவருக்குப் பறித்ததில் பங்கு இருத்தல் ஆகாது. அவர் தேவைகளை நாம் மறைக்காமல் நம் வரியிலிருந்து தர வேண்டும். குற்றமற்ற உரிமையாளர் தம் பொருளைக் கேட்க எளிய வழியும், இலவசச் சட்ட உதவியும் ஒன்றிய அளவிலேயே வேண்டும். எவ்வளவு பிடிபட்டது, எவ்வளவுக்கு விற்றது, எங்கே செலவாயிற்று என்னும் கணக்கு ஆண்டுதோறும் மாவட்ட மக்கள் பார்வைக்கு வர வேண்டும். இறுதியாக, அந்தப் பணம் எந்த வீடுகளிலிருந்து கசிந்ததோ அந்த வீடுகளை நோக்கியே திரும்ப வேண்டும்.

சில மாதங்கள் கழித்து நண்பரைக் காணை கடைத்தெருவில் பார்த்தேன். பால் கேன் இருபுறமும் தொங்க, வண்டி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அன்று சொல்லாத பதிலைச் சொன்னேன். "வண்டிக்குப் பாவம் இல்லை, தம்பி. நீங்கள் நேர்மையாக வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் அதன்மேல் ஒரு கடன் இருக்கிறது. அது உங்கள் கடன் மட்டுமன்று. நம் எல்லாருடைய கடனும்."

அவர் தலையசைத்தார். முகப்பு விளக்கின் மேல் அந்தப் பெயர் அப்படியே இருந்தது. ஏன் இன்னும் சுரண்டி எடுக்கவில்லை என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளை இப்ப பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போகும், சார். பேராவது வண்டியில போகட்டும்" என்றார்.